வெளிநாட்டு மிஷினும் நம்ம ஊர் எர்த்தும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டால் வீடுகளை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: நம்ம வீடு, கொரியா வீடு, ஜப்பான் வீடு. குடிவரப் போகிறவர் எந்த ஊர்க்காரர் என்று புரோக்கர் சொன்னதும், பையில் எதை எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கொரியா வீடென்றால் 16 ஆம்பியர் த்ரீ பின் டாப்பும் மூன்று கோர் ஒயரும் வேண்டும். ஜப்பான் வீடென்றால் முதலில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஜெர்மன்காரர் வீடு எப்போதாவது வரும். அவர்கள் ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் ப்ளக்கைத் தவிர அங்கே பெரிய வேலை இருக்காது.

நான் ஐ.டி.ஐ. முடித்து வயர்மேன் லைசென்ஸ் வாங்கிய காலத்தில் இந்தப் பிரிவெல்லாம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து 1998-ல் சான்ட்ரோ ஓடத் தொடங்கியது. பிறகு 2006-ல் நோக்கியா, 2007-ல் சாம்சங். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர், 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா. ஒவ்வொரு ஆலையோடும் அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் பல வந்தன. அவற்றில் வேலை பார்க்க வந்த கொரிய, ஜப்பானிய இன்ஜினீயர்கள் சிலர் தனியாக வந்தார்கள், சிலர் குடும்பத்தோடு வந்தார்கள். குடும்பம் வந்தால் கன்டெய்னரும் வரும். கன்டெய்னரில் வாஷிங் மிஷின், மைக்ரோவேவ், குக்கர், கிம்ச்சிக்கென்றே தனி ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கும். கொரியாவில் 1990-களின் நடுவிலிருந்து வீட்டுக்கு வீடு பரவிய சாமான் அந்த கிம்ச்சி ஃபிரிட்ஜ். அதை விட்டுவிட்டு வர அவர்களுக்கு மனசு வராது. ஊறுகாய் ஜாடியோடு பயணம் போகிற நமக்கு அது புரியாத விஷயமில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஜப்பான் வீடுதான் ஆபத்து என்று நினைப்பார்கள். அவர்கள் ஊரில் 100 வோல்ட், நம்ம ஊரில் 230. 100 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டரை நேரே நம் லைனில் செருகினால் இழுக்கும் பவர் இரண்டேகால் மடங்கோடு நிற்காது. வோல்ட்டேஜ் எத்தனை மடங்கோ அதன் வர்க்கம்தான் கணக்கு, ஐந்து மடங்குக்கு மேல் போகும். 1000 வாட் குக்கர் 5000 வாட்டைத் தாண்டி இழுத்து, ஃபியூஸ் போவதற்குள் எரிந்துவிடும். ஆனால் இது ஜப்பான்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். விமானம் ஏறும் முன்பே படித்துக்கொண்டு வருகிறார்கள்.

அவர்களுக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு, ஹெர்ட்ஸ். ஜப்பானில் ஒரே நாட்டுக்குள் இரண்டு விதமான மின்சாரம் ஓடுகிறது. 1890-களில் டோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கினார்கள். அந்தப் பிரிவு இன்றுவரை மாறவில்லை. ஃபூஜி ஆற்றுக்குக் கிழக்கே 50, மேற்கே 60. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் நின்றபோது, மேற்கிலிருந்து மாற்றிக் கொண்டுவர முடிந்தது 10 லட்சம் கிலோவாட் அளவுக்குத்தான் என்று ஒரு நிசான் இன்ஜினீயர் எனக்குக் காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு வீடு மாறும் ஜப்பானியர்கூட பழைய மைக்ரோவேவைத் திருப்பிப் பார்த்து ஹெர்ட்ஸ் படித்த பழக்கம் உள்ளவர். அதனால் ஜப்பான் சாமான்களில் பெரும்பாலும் 50/60 என்று இரண்டும் போட்டிருக்கும். வோல்ட்டை இறக்கிக் கொடுத்துவிட்டால் ஓடும்.

கொரியா கதை வேறு. அங்கே 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஒரு காலத்தில் அங்கேயும் 110 வோல்ட்தான். 1973-ல் மாற்றத் தொடங்கி 2005-ல்தான் முழுவதும் 220-க்கு வந்து முடித்தார்கள். வயதான கொரிய மேனேஜர்கள் என் பையில் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்ததும் சின்ன வயதில் வீட்டில் இருந்தது என்று சிரிப்பார்கள். இளம் தம்பதிகளுக்கு அந்த நினைவு இல்லை. அவர்களுக்கு அங்கே 220, இங்கே 230, வித்தியாசம் பத்தே வோல்ட். ப்ளக்கும் இரண்டு உருண்டைக் கம்பி. நம்ம 6 ஆம்பியர் சாக்கெட்டின் கீழ் இரண்டு ஓட்டையில் அது ஏறிவிடும், மிஷின் ஓடவும் செய்யும். கொரியா வீட்டைப் பற்றி எனக்குள்ள பயம் முழுக்க இங்கேதான்.

அந்த ப்ளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கம்பி 4.8 மில்லிமீட்டர். நம்ம சாக்கெட் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கம்பிக்குச் செய்தது. இடைவெளி ஒன்றுதான் என்பதால் உள்ளே போகும், ஆனால் பிடிப்பு இருக்காது. வாஷிங் மிஷின் தண்ணீர் சுட வைக்கும்போது பத்து ஆம்பியர் ஓடினால் அந்த லூசான இடம் சூடாகிக் கருகும். அதைவிட முக்கியமானது எர்த். கொரியா ப்ளக்கில் எர்த்துக்குத் தனிக் கம்பி கிடையாது. ப்ளக்கின் இரண்டு பக்க ஓரத்திலும் பித்தளைத் தகடு இருக்கும், அவர்கள் ஊர் சாக்கெட்டில் அதைத் தொட இரண்டு கிளிப் இருக்கும். நம்ம சாக்கெட்டில் அந்தத் தகடு எதையும் தொடாது. மிஷின் ஓடுகிறது, எர்த் இல்லை. புது சாக்கெட்டுகளில் எர்த் கம்பி மேலே நுழைந்தால்தான் கீழ் ஓட்டை திறக்கும்படி உள்ளே மூடி வைத்திருக்கிறார்கள். அதையும் பேனாவால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ப்ளக்கைச் செருகிவிடுகிறார்கள். அந்த மூடி இருப்பதே இப்படிச் செருகாமல் தடுக்கத்தான்.

எர்த் இல்லாத மிஷின் உடனே ஷாக் அடிக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. இன்றைய வாஷிங் மிஷின், குக்கர், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் உள்ளே ஃபில்ட்டர் கண்டென்சர் இருக்கும். அது ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குப் போய் எர்த்தில் சேரும். எர்த் துண்டாகிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் பாடி தொங்கும், சுமார் 115 வோல்ட்டில். கரண்ட் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஈரக்காலோடு தொட்டால் சுறுசுறுக்கும். மாத்தூர் பக்கம் ஒரு அடுக்கு வீட்டில் இந்தச் சுறுசுறுப்புக்காகவே என்னைக் கூப்பிட்டார்கள். கொரிய அம்மா ஒருவர், கைக்குழந்தையோடு. மொழிபெயர்க்க அவர் கணவரின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்.

"அண்ணா, மிஷினைத் தொட்டா எறும்பு ஓடுற மாதிரி இருக்காம். மிஷின் புதுசு, ரிப்பேர் இருக்காதுங்கிறாங்க."

"மிஷின்ல ரிப்பேர் இல்லம்மா. வீட்லதான் இருக்கு. அவங்க கால்ல செருப்பு போட்டுக்கச் சொல்லு, குழந்தைய அந்தப் பக்கம் விட வேணாம்னு சொல்லு."

அவருக்கென்று ஒரு சின்ன ஒயர் செய்து கொடுத்தேன். ஒரு முனையில் கொரியா சாக்கெட், மறுமுனையில் நம்ம 16 ஆம்பியர் த்ரீ பின் டாப், நடுவில் 2.5 ஸ்கொயர் மூன்று கோர் ஒயர். மிஷினின் சொந்த ப்ளக்கை வெட்டக் கூடாது. மூன்று வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது அதே ப்ளக் அவர்களுக்கு வேண்டும். ஒயரைச் செருகியதும் சுறுசுறுப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மீட்டர் போர்டைத் திறந்து பார்த்தால், அந்த வீட்டில் எர்த் பைப்பே இல்லை. கட்டினவர் எல்லா சாக்கெட்டிலும் எர்த் ஒயர் இழுத்திருந்தார். கடைசியில் அதை எதிலும் சேர்க்காமல் முறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பைப் போடாமல் எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துவிடுகிறவர்களும் உண்டு, அதையும் நான் சொல்லாமல் விடக்கூடாது. எர்த்தை வீட்டுக்குள்ளே நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் டெஸ்ட் லாம்ப் எரியும், சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஒருநாள் தெருவில் நியூட்ரல் ஒயர் அறுந்தால், அந்த வீட்டில் எர்த் ஒயர் தொட்ட ஒவ்வொரு இரும்பிலும் ஃபேஸ் வந்து நிற்கும். ஃபிரிட்ஜ் கதவு, கீஸர், சிங்க் குழாய்வரை. நம்ம பக்கத்தில் நியூட்ரல் அறுவது அபூர்வமில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது கம்பங்கள் சாய்ந்து, சரிசெய்து சப்ளை கொடுத்த பிறகும் எங்கெங்கோ ஜாயின்ட் விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய வீட்டில் பக்கத்து வீட்டின் லோடைப் பொறுத்து 350 வரலாம், 400-ஐ நெருங்கலாம். நாங்கள் போய்ப் பார்க்கும்போது டிவி, ஃபிரிட்ஜ், செட் டாப் பாக்ஸ் வரிசையாகப் போயிருக்கும். அதனால் வெளிநாட்டு சாமான் உள்ள வீட்டில் நான் மெயினிலேயே வோல்ட்டேஜ் கூடினால் கட் செய்யும் ரிலேயும், கரண்ட் கசிந்தால் கட் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடாமல் வேலையை முடிப்பதில்லை. ஓனர் காசு தர மறுத்தால் வேலையை ஏற்பதில்லை.

மாத்தூர் வீட்டு ஓனர் பெரியவர். "தம்பி, இத்தனை வருஷம் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். நான் வாதாடவில்லை. டெஸ்டரை அவர் கையிலேயே கொடுத்து மிஷின் பாடியில் வைக்கச் சொன்னேன். லைட் எரிந்தது. அன்று சாயங்காலமே குழி தோண்ட ஆள் வந்துவிட்டது. ஏழெட்டு அடி ஆழம், ஜி.ஐ. பைப், கரி, உப்பு. இந்தப் பக்கத்து மண் மார்கழியில் ஈரமாக இருக்கும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்த மண்ணில் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். அதனால் பைப்புக்கு மேலே ஒரு புனல் வைத்து, கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றுகிறார். அந்தப் பக்கம் போனால் பார்க்கிறேன்.

இனி 60 ஹெர்ட்ஸ். மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உள்ளே இரும்புக் கோர் இருக்கிறது. வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வருகிற எண்ணைப் பொறுத்துத்தான் அந்த இரும்பில் காந்தம் ஏறும். கொரியாவில் 220-ஐ 60-ஆல் வகுத்தால் 3.67. இங்கே 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6. கால்பங்கு அதிகம். அந்த அளவுக்குச் செய்யாத இரும்பு நிறைந்துபோய், கரண்ட் வீணாக ஏறி, உறுமும், சூடாகும். வேகமோ ஆறில் ஒரு பங்கு குறையும். பழைய மாடல் கிம்ச்சி ஃபிரிட்ஜ் நாள் முழுக்க நிற்காமல் ஓடுவதற்கும், 60 மட்டும் போட்ட மைக்ரோவேவ் சில மாதத்தில் கருகல் வாசனை அடிப்பதற்கும் காரணம் இதுதான். ஸ்டெபிலைசரோ டிரான்ஸ்ஃபார்மரோ ஹெர்ட்ஸை மாற்றாது. கடைக்காரர் மாற்றும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் உள்ள புது ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் வாஷிங் மிஷின், இண்டக்‌ஷன் குக்கர் போன்றவை வரும் கரண்டை முதலில் டி.சி. ஆக்கிக்கொள்வதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனாலும் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நான் எதையும் போடுவதில்லை. கொரிய எழுத்து எனக்குப் படிக்க வராது. வோல்ட்டும் ஹெர்ட்ஸும் வாட்டும் எந்த நாட்டிலும் ஒரே எழுத்தில்தான் இருக்கும், அது போதும்.

ஒரு கொரிய இன்ஜினீயரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவரே எழுந்து வந்து தன் வாஷிங் மிஷினின் தகட்டைப் பார்த்தார். அவர் வேலை பார்ப்பது வாஷிங் மிஷின் உற்பத்தியில். ஸ்ரீபெரும்புதூரில் அவர் கையால் லைனில் இறங்கும் மிஷின் எல்லாம் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. வீட்டில் அவர் மனைவி துணி துவைப்பது கடல் தாண்டி வந்த 60 ஹெர்ட்ஸ் மிஷினில். அடுத்த வாரமே இங்கே செய்த மிஷின் ஒன்றை வாங்கிவிட்டார். சூடு பண்ணுகிற, சுற்றுகிற சாமானை எல்லாம் இங்கே வாங்குவதே நல்லது என்பதுதான் என் அபிப்பிராயம். ஜப்பான் ஹேர் டிரையர் 1200 வாட் என்றால் 100 வோல்ட்டில் 12 ஆம்பியர். அதற்கு ஒன்றரை கே.வி.ஏ.வுக்கு மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிரையர் விலையைவிட டிரான்ஸ்ஃபார்மர் விலை அதிகம்.

அப்படியும் சிலதை விட முடியாது. சோற்றுக்குக் குக்கர் ஜப்பான் குக்கராகவே வேண்டும் என்பார்கள். உரிமைதான். 1955-ல் தானாக அணையும் எலெக்ட்ரிக் குக்கரை உலகத்துக்குக் கொடுத்த நாடு அது. அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்: ஒரே சுற்று, நடுவில் 100 வோல்ட்டுக்குப் பிரித்து எடுத்திருக்கும். கனம் குறைவு, விலை குறைவு. அந்தச் சுற்றின் கீழ்ப்பகுதி என்றாவது ஒருநாள் விட்டுப்போனால், 100 வோல்ட் சாக்கெட்டில் முழு 230-ம் வந்து நிற்கும். மற்றது இரண்டு தனிச் சுற்று உள்ள ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். தூக்கினால் தோள் வலிக்கும், விலையும் கூட. வீட்டுக்கு நான் இதைத்தான் வாங்கித் தருவேன். செம்பா அலுமினியமா என்று கேட்டு, தகட்டில் போட்ட கே.வி.ஏ.வில் முக்கால்பங்கு லோடுதான் கொடுப்பேன். வேலை இல்லாத நேரத்தில் சுவிட்சை அணைக்கவும் சொல்வேன். எதுவும் ஓடாமல் சும்மா இருந்தாலே 30 வாட் குடித்தால், இரண்டு மாத பில்லில் 40 யூனிட்டுக்கு மேல் அதற்கே போய்விடும்.

ஜப்பான் வீட்டில் நான் விடாப்பிடியாக இருக்கும் இன்னொரு விஷயம், எல்லா நாட்டு ப்ளக்கும் ஏறும் எக்ஸ்டென்ஷன் போர்டு. ஜப்பான் ப்ளக் இரண்டு தட்டைக் கம்பி. நம்ம சாக்கெட்டில் நுழையாது, அதுவே ஒரு பாதுகாப்பு. அந்தப் போர்டில் நுழைந்துவிடும். வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் சுத்தம் செய்துவிட்டு குக்கரை அதில் செருகினால் முடிந்தது. அதனால் 100 வோல்ட் லைனுக்குத் தட்டைக் கம்பி மட்டும் ஏறும் ஜப்பான் சாக்கெட்டைச் சுவரில் பதித்து, அதைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி, அந்தப் போர்டை வீட்டிலிருந்தே எடுத்துவிடச் சொல்வேன். வேலைக்கு வரும் அக்காவிடம் தமிழில் நின்று விளக்குவேன். அந்த வீட்டில் சமையலறையில் அதிக நேரம் இருப்பவர் அவர்தான். வாஷிங் மிஷினிலும் மைக்ரோவேவிலும் ஜப்பான்காரர்கள் தனியாகப் பச்சை ஒயர் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். அது எர்த். சுருட்டிக் கட்டிவைத்த பச்சை ஒயரை நான் பார்த்த வீடுகள் நிறைய. அதை அவிழ்த்து எர்த்தில் சேர்ப்பதுதான் என் முதல் வேலை.

2008-க்குப் பிறகு சில வருடம் மின்வெட்டு கடுமையாக இருந்த காலத்தில் வேறொரு தொல்லை இருந்தது. எல்லா வீட்டிலும் சதுர அலை இன்வெர்ட்டர். வெளிநாட்டு மிஷின் அதில் உறுமும், சிலது கிளம்பவே கிளம்பாது. இப்போது சைன் வேவ் இன்வெர்ட்டர் பரவிவிட்டதால் அந்தப் புகார் குறைந்துவிட்டது.

நம்ம பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஒரகடத்திலிருந்து ஒரு வருடப் பயிற்சிக்கு ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகிறவர்கள், போவதற்கு முன் என்னிடம் வந்து மிக்ஸி எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், அதற்கு ஹெர்ட்ஸ் பொருட்டில்லை. கொரியா என்றால் ப்ளக் மட்டும் மாற்றி, எர்த்தோடு எடுத்துப் போகலாம். ஜப்பானில் நம்ம 230 வோல்ட் மிக்ஸி சட்னியைக்கூட அரைக்காது. அமெரிக்காவுக்கென்று நம்ம ஊர்க் கம்பெனிகள் செய்யும் 110 வோல்ட் மிக்ஸி கிடைக்கிறது, அதை வாங்கிப் போகச் சொல்வேன், கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். கிரைண்டர் விஷயம் வேறு. கோயம்புத்தூர் கிரைண்டரின் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் வேகமாகச் சுற்றப் பார்க்கும், இழுவை குறையும். முழு அரிசி போட்டால் கிளம்பாமல் நின்று சூடாகும். கல்லைச் சுற்றவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரிசி போட வேண்டும்.

இந்தத் தொழிற்சாலைக் காரிடாரில் வீடு கட்டி வாடகைக்கு விடும் ஓனர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாடுலர் கிச்சனுக்கும் ஏ.சி.க்கும் லட்சக்கணக்கில் செலவு செய்கிறீர்கள், ஒரு எர்த் குழிக்கு ஆகும் செலவு அதில் மிகச் சிறியது. வீட்டில் எர்த் பைப் எங்கே இருக்கிறது என்று உங்கள் எலெக்ட்ரீஷியனைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். கன்டெய்னர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.